பதினான்காவது ஆட்டம்

மருதூர் மகளிர் கால்பந்து அணி அந்த ஆண்டுதான் முதன்முறையாக நாட்டின் முதல் பிரிவு லீக்கில் ஆடியது. மொத்தம் எட்டு அணிகள். ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள். கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவர்கள் அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும்.

அணியின் பயிற்சியாளர் பாக்கியவதி அதிகம் பேசாதவர். துணைப் பயிற்சியாளர் தமிழொளி, ஒரு காலத்தில் அவரிடமே அணித்தலைவியாக ஆடியவள். இப்போது பயிற்சி கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் திரும்பி வந்திருந்தாள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் கேட்டாள்.

“ஆட்டம் நடக்கும்போது நான் எதைக் கவனிக்கணும் அக்கா?”

“பந்தைப் பார்க்காதே.”

அவ்வளவுதான் பதில்.

முதல் இரண்டு ஆட்டங்களில் அவளால் அது முடியவில்லை. பந்து போன பக்கமெல்லாம் கண்ணும் போனது. மூன்றாவது ஆட்டத்தில் பாக்கியவதி அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரியை மட்டும் தொண்ணூறு நிமிடமும் பார்த்து எழுதச் சொன்னார். அவள் எப்போது நடக்கிறாள், எப்போது இடுப்பில் கை வைக்கிறாள், யாரைத் திரும்பிப் பார்க்கிறாள். அன்றைக்கு மருதூருக்கு எதிராக மூன்று கோல்கள் விழுந்தன. மூன்றில் ஒன்றைக்கூடத் தமிழொளி பார்க்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி, ஒரு டிரா. ஆறாவது ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடத்துக்குச் சகாயமலர் இறங்கினாள். குமரிக் கடற்கரைக்காரி, வயது இருபது. யாருக்கும் பந்து தரமாட்டாள் என்று அதுவரை பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அன்றைக்கும் அவள் யாருக்கும் தரவில்லை. இரண்டு கோல் போட்டாள். மருதூர் முதல்முறையாக ஜெயித்தது.

அடுத்த ஐந்து ஆட்டங்களில் மூன்று வெற்றிகள். ரயிலில் போன ஊர்களில் எல்லாம் அவள் பெயரைக் கேட்டார்கள். கேலரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவள் எண்ணை அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். கீழே கிடந்த அணி ஆறாவது இடத்துக்கு ஏறியிருந்தது.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் தமிழொளி ஒன்றைக் கவனித்தாள். பந்து மறுகோடியில் இருந்தது. சகாயமலர் தனியாகத் திரும்பி ஓடிவந்தாள். வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், அரைவட்டம் சுற்றி இடதுபக்கமாகத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அப்படியே செய்தாள்.

இடது காலை ஊன்றத் தயங்குகிறாள் என்று புரிந்தும் தமிழொளி அதைப் பாக்கியவதியிடம் சொல்லவில்லை. ஆட்டம் சமநிலையில் இருந்தது, அந்த நிலைமையில் சகாயமலரை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து, பந்தை அடிக்கப் போனபோது இடது காலை ஊன்ற முடியாமல் சகாயமலர் விழுந்தாள். அந்த ஆட்டமும் கைவிட்டுப் போனது.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். இடது முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. இரண்டு மாதம் ஆடாமல் இருந்தால் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர் அம்மா. முழுதாக அறுந்தால் ஆபரேஷன்தான், அதற்குப் பிறகு பழைய ஓட்டம் வருமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஊசி போட்டு ஆடலாமா என்று தமிழொளி கேட்டாள்.

“போடலாம். தொண்ணூறு நிமிஷம் அவளுக்கு வலி தெரியாது. முட்டிக்குத் தெரியும்.”

பதின்மூன்றாவது ஆட்டத்தை அவள் இல்லாமல் ஆடித் தோற்றார்கள். ஏழாவது இடத்தில் இருந்த அணி ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் வந்துவிட்டது. கடைசி ஆட்டம் அந்த அணியோடுதான். டிரா செய்தால் மருதூர் தப்பிக்கும். தோற்றால் இறங்க வேண்டும்.

கிளப் தலைவர் போன் செய்தார். முதல் பிரிவில் இருந்தால்தான் இந்த அணி நிலைக்கும், பிள்ளையே ஆடுகிறேன் என்கிறபோது உங்களுக்கு என்ன என்று கேட்டார். பாக்கியவதி கேட்டுக்கொண்டு, சரி சார், யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சகாயமலர் நேராகவே வந்து நின்றாள்.

“நான் ஆடுவேன் கோச். என் காலு. எனக்கு இஷ்டம்.”

“போய்ப் படு” என்றார் பாக்கியவதி.

அன்று மாலை தமிழொளி அவருடன் மைதானத்தைச் சுற்றி நடந்தாள். அவளுக்கும் ஒரு கடைசி ஆட்டம் இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், மாநிலங்களுக்கு இடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம். அவளுக்கும் முட்டியில் இதே கிழிசல். அப்போது பாக்கியவதி பயிற்சி கொடுக்க வந்து இரண்டாவது வருடம். ஊசி போட்டு அவளை இறக்கினார். கூடுதல் நேரத்தில் தமிழொளி கோல் போட்டாள், கோப்பை கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. புதிதாக வரும் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லுவாள். அவள் ஆரம்பித்ததும் பாக்கியவதி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

“நான் ஆடலையா அக்கா?” என்று கேட்டாள் தமிழொளி.

பாக்கியவதி அவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டார்.

ஆட்டக்காரர்களின் பட்டியலை எழுதிக் கொடுப்பது தமிழொளியின் வேலை. மாற்று வீராங்கனைகளில் கடைசிப் பெயராகச் சகாயமலரை அவளே எழுதிக் கொடுத்தாள். ஆட்டத்தன்று காலையில் பாக்கியவதி பட்டியலைப் பார்த்தார். அந்தப் பெயரில் விரலை வைத்தார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேலரி நிறைந்திருந்தது. இடைவேளை வரை கோல் இல்லை. சகாயமலர் பூட்ஸின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் பை அவள் பக்கத்தில் இருந்தது.

எழுபத்தோராவது நிமிடத்தில் ஒரு கார்னர். எதிரணிக்காரி தலையால் முட்டினாள். மருதூரின் கோல்கீப்பர் விரலால் தொட்டும் பந்து உள்ளே போய்விட்டது.

கேலரியில் ஒரு பக்கத்திலிருந்து சகாயமலரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான்கு பக்கமும் சொன்னார்கள். அவள் தானாகவே எழுந்து, கோட்டுக்கு வெளியே மெதுவாக ஓடிப் பார்த்தாள்.

ஒரே ஒரு மாற்று மிச்சம் இருந்தது. தமிழொளி பாக்கியவதியின் காதருகே வந்தாள்.

“இருபது நிமிஷந்தான் அக்கா.”

பாக்கியவதி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். சகாயமலருக்கு அந்தப் பக்கம் தேவகிருபை இருந்தாள். முப்பது வயது. அந்த சீசனில் மூன்றே ஆட்டங்களில், அதுவும் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் இறங்கியவள்.

“கிருபா, சட்டையை மாத்து.”

தேவகிருபைக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

கேலரி திட்டியது. பாக்கியவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவகிருபை தன்னால் முடிந்த மட்டும் ஓடினாள். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பந்து வந்து விழுந்தது. கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே. அவள் அடித்தாள். கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போயிற்று.

மருதூர் இறங்கியது.

சகாயமலர் பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். தமிழொளி பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, கோச்சுக்கு என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான் என்றாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

தலைவர் பாக்கியவதியை விலகிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். அவர் விலகினார். பாதிப் பெண்கள் வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். சகாயமலருக்கு மூன்று மாதத்தில் முட்டி சரியாகி, பெங்களூர் அணி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. அங்கே முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டாள் என்று செய்தித்தாளில் வந்தது. பாக்கியவதிக்கு அவள் போன் செய்யவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழொளிக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் பிரிவில் ஆடப்போகும் மருதூருக்கு இனி அவள்தான் தலைமைப் பயிற்சியாளர்.

கேலரிக்கு மேலே ஓர் அறையில் பாக்கியவதியின் சாமான்கள் இருந்தன. அவற்றை எடுத்துப் போக அவர் ஒரு காலை வந்தார். தமிழொளி கூட வந்தாள். இரண்டு பைகளில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தமிழொளி முன்னால் போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை வைத்து, மறுகாலையும் அதே படியில் சேர்த்து, பிறகு அடுத்த படி.

பாதி வழியில் நின்றாள்.

“அக்கா, நாளையிலிருந்து நான் அந்த இடத்துல நிக்கணும். ஒண்ணு தெரியாம என்னால நிக்க முடியாது.”

“கேளு.”

“அன்னைக்கு என்னை இறக்குனீங்க. நான் ஆடினேன், ஜெயிச்சோம். அதுக்காக ஒரு நாள்கூட உங்களை நான் குறை சொன்னதில்லை.”

“தெரியும்” என்றார் பாக்கியவதி. “சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.”

“அப்புறம் இவளை ஏன் இறக்கல?”

பாக்கியவதி இரண்டு படி மேலே நின்றிருந்தார். பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“பதினோரு வருஷமா, நீ படி இறங்கும்போதெல்லாம் நான் உனக்குப் பின்னாலதான் இறங்குறேன் தமிழு.”