மழை வாரத்துப் பெட்டி

பாளையங்கோட்டைக்கு வெளியே பதினொரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் வைத்திருந்தார்கள். பூச்சிமருந்தோ ரசாயன உரமோ அந்த வேலிக்குள் நுழைந்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நகரத்து வீடுகளுக்குப் பெட்டி போகும். இன்ன காய்தான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அந்த வாரம் காய்த்தது எதுவோ அதுதான் வரும்.

தோட்டத்தில் தெய்வானை வைத்ததுதான் சட்டம். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் சங்கரலிங்கம், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபத்து நாலு. சிரிக்க வேண்டாம். மண்வெட்டி பிடித்த முதல் நாளே கை கொப்பளித்தும் மனுஷன் அசையவில்லை. அவர் மனைவி கோமதி எட்டு வருஷம் அந்தப் பெட்டிக்குக் காத்திருந்தவள். அவள் இறந்துபோன பிறகு வீட்டில் தனியாகப் பெட்டியைத் திறக்க அவருக்குத் தெம்பில்லை. பெட்டி கட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பெட்டிக்குத் தேறியது கொஞ்சம் கீரையும் வாழைத்தண்டும்தான். போன மழைக்கே பன்னிரண்டு வீடுகள் விலகியிருந்தன. இன்னும் பத்து போனால் தோட்டத்தை மூட வேண்டியதுதான். இந்தத் தோட்டமும் போய்விட்டால் கோமதியின் வெள்ளிக்கிழமைகளில் சங்கரலிங்கத்துக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சந்தைக்குப் போய் இரண்டு கூடை தக்காளி வாங்கிவந்து, சத்தமில்லாமல் எல்லாப் பெட்டியிலும் போட்டுவிட்டார்.

தெய்வானை வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். சீட்டு எழுத உட்கார்ந்தாள். எந்தக் காயை யார் வளர்த்தது என்று ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு வைப்பது அவர்கள் வழக்கம்.

"கீரை, இசக்கியம்மா. வாழைத்தண்டு, மாசானமுத்து." பேனா நின்றது. "தக்காளிக்கு யார் பேரை எழுதட்டும் ஐயா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தப்புதாம்மா. ஆனா இந்த ரெண்டை மட்டும் பாத்தா யாரு நிப்பா? எல்லாரும் போயிருவாங்க."

"போனாலும் போவாங்க. எட்டு வருஷம் பெட்டி வாங்குனீங்களே, எந்தப் பெட்டி ஞாபகம் இருக்கு?"

அவர் யோசிக்கவே இல்லை.

"ஒரு மழைக்கு வெறும் பூசணிக்காய் வந்துச்சும்மா. ஒண்ணே ஒண்ணு. நான் கத்துனேன். கோமதி விழுந்து விழுந்து சிரிச்சா. ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய காயான்னு கீத்துப் போட்டு, தெருவுல ஏழு வீட்டுக்கும் என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னா. இருபது வருஷமா இருந்த தெரு. அன்னைக்குத்தான் எதுத்த வீட்டுக்காரர் பேரே எனக்குத் தெரிஞ்சுது. சாயங்காலம் ஏழு வீட்டுலயும் பூசணிக்காய்க் குழம்பு. வீட்டுக்கொரு கிண்ணம் எங்களுக்கே திரும்பி வந்துச்சு!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். குரல் உடைந்துவிட்டது. ஏழு கிண்ணங்களையும் முன்னால் பரப்பிக்கொண்டு, எதை முதலில் ருசி பார்ப்பது என்று கோமதி திணறியது அவர் கண்ணில் நின்றது. அந்த ஒரு சாயங்காலம் திரும்பக் கிடைக்காதா என்றிருந்தது அவருக்கு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெய்வானை கேட்டாள்.

"மழை விட்டப்புறம் பெட்டி நிறைய வந்திருக்குமே. அதுல என்ன இருந்துச்சு?"

எவ்வளவு யோசித்தும் சங்கரலிங்கத்துக்கு ஒரு காய்கூட ஞாபகம் வரவில்லை. எழுந்துபோய், முதல் பெட்டியிலிருந்த தக்காளியைக் கூடையில் திரும்பப் போட ஆரம்பித்தார்.