செண்பகராயர் பெருங்குழி

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாடு. அதை மகுடவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் பல்லக்கில் தூங்கிவந்தான். பல்லக்கில் போகிறவனுக்குப் பள்ளம் ஏது? தூக்குகிறவன் காலுக்கல்லவா அது தெரியும்!

நாட்டின் பெருவழிக்கு அதிகாரி செண்பகராயர். சாலையெல்லாம் குழி, ஆற்றுப்பாலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. அவரோ வழிநெடுகத் தோரணவாயில் கட்டி, ‘செண்பகராயர் திருப்பணி’ என்று கல்லில் வெட்டிவைத்தார். மந்திரி பூவநாதரின் பதவிமேல் வேறு அவருக்கு ஒரு கண்.

ஒருநாள் உப்பு விற்கும் காத்தாயி சபைக்கு வந்து அழுதாள்.

“மகாராசா! பாலத்துல சுவரில்லாம என் உப்பு வண்டி ஆத்துல விழுந்துடுச்சு. மாடு ரெண்டும் வெள்ளத்தோட போச்சு. என் பொழப்பே போச்சுங்க!”

“உப்பா?” என்றார் ராயர். “ஆற்றில் தேடினோம் மன்னா, ஒரு கல் உப்புகூடக் கிடைக்கவில்லை. பொய் வழக்கு!”

“ஆமாம், உப்பு எங்கே?” என்றான் ராஜா.

“உப்பு கரைந்துவிடும் மன்னா, குழி கரையாதே” என்றார் பூவநாதர்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “அப்படியா? பொங்கலுக்குள் நீரே ராயரைச் சாலை போட வையும். ஆனால் கடிந்து ஒரு சொல் பேசக்கூடாது. என்னை அவர் அழகாகப் புகழ்கிறவர், மனம் வாடிவிடுவார். முடியாவிட்டால் உம் பதவி அவருக்கு!”

“கடிவதா? கௌரவிக்கப் போகிறேன்” என்றார் பூவநாதர். “வாயிலுக்கு மட்டும்தானா ராயர் பெயர்? பெருவழியில் அவர் பொறுப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் வைப்போம். அது அது இருக்கும்வரை அதன் பெயர்க்கல்லை யாரும் பிடுங்கக்கூடாது.”

ராயருக்கு உச்சி குளிர்ந்தது. “அப்படியே ஆகட்டும்” என்றான் ராஜா.

அடுத்த சந்தை நாளுக்குள் குழிக்குக் குழி கல் முளைத்தது. செண்பகராயர் பெருங்குழி, செண்பகராயர் சிறுகுழி, செண்பகராயர் சேறு!

“பாத்து ஓட்டுப்பா, முன்னால ராயரு வாயப் பொளந்துகிட்டுக் கிடக்காரு!”

“நேத்து ராயருக்குள்ள எருமை படுத்துக்கிச்சு, கெளப்பவே முடியல!”

ராயரின் சம்பந்தியே நொண்டிக்கொண்டு வந்தார். “உம்மில் விழுந்துதான் வருகிறேன், சம்பந்தி.”

ராயர் அலறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். “கல்லைப் பிடுங்கச் சொல்லுங்கள்!”

“குழி இல்லையென்றால் கல்லுக்கு என்ன வேலை?” என்றார் பூவநாதர்.

பிறகென்ன, ராயரே தலையில் கூடை தூக்கிச் சரளை கொட்டினார். பொங்கலுக்கு முன்பே சாலை மழமழவென்று ஆகிவிட்டது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பூவநாதருக்குத் தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டான். பிறகு முகம் சுருங்கியது.

“எல்லாம் ராயர் பெயர்தானா? நாடாளும் எனக்கு ஒன்றும் இல்லையா?”

“இருக்கிறது மன்னா. காத்தாயி வண்டி விழுந்த இடத்தைத் தங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ராயரை அதிகாரி ஆக்கியவர் தாங்களாயிற்றே. ‘மகுடவர்மன் ஓட்டை’ என்று வெட்டலாமா?”

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காத்தாயியைக் கூப்பிட்டு, தன் தொழுவத்திலிருந்தே ஒரு ஜோடி காளை கொடுத்தான்.

அவள் கும்பிட்டாள். “மாடு வந்தாச்சு மகாராசா. சுவரு வரட்டும், அப்புறம் வண்டி பூட்டுறேன். மத்த உப்பு வண்டிக்காரங்களும் அதத்தான் சொல்றாங்க.”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அரண்மனையில் உப்பு தீர்ந்த அன்று சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் ராஜாவுக்கு அது விளங்கிவிட்டது. மறுநாள் விடிந்தபோது பாலத்தில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கல் சுமந்தவர் செண்பகராயர். சீக்கிரம், சீக்கிரம் என்று பக்கத்தில் நின்று விரட்டியவன் ராஜா.