முழுப்பாக்கு வாங்கியவள்

எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா? பின்னால் நிற்பவர்களும் உட்காருங்கள், கதை கொஞ்சம் நீளம். நம் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலில் கிடந்த காலத்துக்கும் முன்னால் நடந்தது இது.

சுழியாறு என்று ஓர் ஆறு. அதன் தென்கரையை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டான். நல்ல மனிதன். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவன். அந்த நல்ல குணம்தான் அவன் நாட்டைப் படாத பாடு படுத்தியது.

அரசனுக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பையோடு ஒருத்தி எப்போதும் நிற்பாள். அடைப்பைக்காரி என்பார்கள். அவள் பெயர் மருதாயி. அரசன் கை நீட்டினால் வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். சபைக்குத் தட்டு எடுத்துப் போக வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இருபது வருடமாக அவளும் திறக்கவில்லை. ஆனால் காதை யாரும் மூடச் சொல்லவில்லையே.

மருதாயிக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று ஒரே ஒரு தங்கைதான். பெயர் செல்லி. தாய் போனபோது செல்லிக்கு மூன்று வயது. இடுப்பில் சுமந்து, தலை வாரி, அக்காவே தாயாகி வளர்த்தாள். நல்ல இடம் வந்தது என்று வடகரையில் கட்டிக் கொடுத்தாள். அன்று வண்டியேறிப் போனவளை ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

எதிர்க்கரைதானே, படகில் போனால் என்ன என்று கேட்பீர்கள். சுழியாற்றில் படகு விட்டவன் திரும்பி வந்ததில்லை. மீன் பிடிப்பவர்களே கரையோரத்தைத் தாண்ட மாட்டார்கள். வண்டியில் போவதென்றால் மலையடிவாரம் வரை சுற்ற வேண்டும். போகப் பத்து நாள், வரப் பத்து நாள். அடைப்பைக்காரிக்கு இருபது நாள் விடுப்பு யார் கொடுப்பார்?

அதனால் தினம் காலையில் மருதாயி குடத்தோடு துறைக்குப் போவாள். எதிர்க்கரையில் எறும்பளவு ஓர் உருவம் தெரியும். செல்லியாக இருக்கலாம், யாரோ ஒருத்தியாகவும் இருக்கலாம். இவள் கையை ஆட்டுவாள். அந்த உருவமும் சில நாள் கையை ஆட்டும். அன்றைக்கு முழுவதும் மருதாயிக்குச் சோறு ருசிக்கும்.

ஒரு தை மாதம் உப்பு வண்டிக்காரர்கள் சுற்றுவழியாக வந்து ஒரு சேதி சொன்னார்கள். செல்லிக்குக் கண் மங்கி வருகிறதாம். வாசலில் போடும் கோலம் கோணிப்போகிறதாம். அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எப்படியோ ஆகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மருதாயி, பறந்து போக இறக்கை இல்லையே என்று அழுதாள்.

அவள் நல்ல நேரம், அதே மாதம் அரசன் சபையைக் கூட்டினான். வைகாசிக்குள் சுழியாற்றின் மேல் கல்பாலம் கட்டுவோம், ஆனியில் புதுவெள்ளம் வருமுன் மக்கள் நடந்து போகட்டும் என்றான். தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற மருதாயி வைகாசிக்கு எத்தனை மாதம் என்று மனத்துக்குள் எண்ணினாள்.

இங்கே அந்தச் சபையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அரசன் ஒரு வேலையைச் சொல்லி வெற்றிலை கொடுப்பான். வெற்றிலையை வாங்கியவன் வேலையை ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். வாங்கிவிட்டுச் செய்யாமல் போனால் ஊரில் தலை காட்ட முடியாது. நல்ல வழக்கம்தான். ஆனால் நெடுங்கோ, ஒருவருக்குக் கொடுத்து மற்றவர்களை விட்டால் மனம் நோகுமே என்று நினைத்தான். அதனால் எந்த வேலையைச் சொன்னாலும் தட்டு சபை முழுவதும் சுற்றும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் ஆளுக்கொரு வெற்றிலை எடுப்பார்கள், மென்று துப்புவார்கள், சிவந்த வாயோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அப்படித்தான் முதல் வருடம் பாலம் கட்டினார்கள். நடுத்தூணுக்கு மணலைத் தோண்டிப் பாறையைத் தொட வேண்டும். பாறை வந்ததா என்று கல்தச்சர்கள் பார்ப்பார்கள் என்று தோண்டுகிறவர்கள் நினைத்தார்கள். தோண்டியவர்களே பார்த்திருப்பார்கள் என்று கல்தச்சர்கள் நினைத்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. ஆனியில் வெள்ளம் வந்தது, நடுத்தூண் சாய்ந்தது, பாலம் போயிற்று. செல்லி இப்போது அரிசியில் கல் பொறுக்க முடியாமல் தடவுகிறாள் என்று உப்பு வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

இரண்டாம் வருடம் அரசன் உஷாரானான். ஒவ்வொரு வேலைக்கும் மேற்பார்வை வேண்டும் என்றான். ஒருவரை வைத்தால் மற்றவர் கோபிப்பாரே. அதனால் வேலைக்கு மூன்று பேரை வைத்தான். சுண்ணாம்புச் சாந்து ஐந்து நாள் காய்ந்தால் போதும் என்றார் ஒருவர். ஒன்பது நாள் என்றார் இன்னொருவர். வெல்லத் தண்ணீர் கலந்தால் காயவே வேண்டாம் என்றார் மூன்றாமவர். வேலைக்காரர்கள் கடைசியாக வந்து கத்தியவர் சொன்னபடி செய்தார்கள். ஆனியில் வெள்ளம் வந்தது, பச்சைச் சாந்து கரைந்தது, பாலம் போயிற்று. செல்லி பகலிலும் சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று உப்பு வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

மருதாயி துறைக்குப் போனாள். எதிர்க்கரையில் உருவம் நின்றது. இவள் கையை ஆட்டினாள். அது ஆட்டவில்லை. வெகுநேரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பினாள்.

மூன்றாம் வருடத் தை பிறந்தது. பாலம் ஏன் நிற்கவில்லை என்று அரசன் சபையில் கேட்டான். நேரம் சரியில்லை என்றார் ஒரு மந்திரி. கல் சரியில்லை என்றார் இன்னொருவர். ஆளுங்க சரியில்லை, எல்லாம் சோம்பேறிப் பயல்கள் என்றார் மூன்றாமவர். இனி இந்த வேலையே வேண்டாம் என்று அரசன் எழுந்தான்.

அப்போதுதான் தட்டோடு நின்றவள் வாயைத் திறந்தாள். இருபது வருடத்துக்கு மேல் பேசாத வாய் அது.

"மகாராஜா, ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க. முதல் வருஷம் நடுத்தூணுக்கு வெத்தலை வாங்கினவங்க கையைத் தூக்கட்டும்."

அரசன் கேட்டான். நாற்பது கைகளும் உயர்ந்தன.

"அந்தக் குழிக்குள்ள இறங்கிப் பார்த்தவங்க மட்டும் இப்ப தூக்கட்டும்."

நாற்பது கைகளும் இறங்கின. பக்கத்தில் இருப்பவன் தூக்குகிறானா என்று ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அரசன் மெல்ல ஆசனத்தில் உட்கார்ந்தான்.

இதற்கு என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டான். மருதாயி தட்டைத் தரையில் வைத்தாள். தட்டில் என்றைக்கும் இருக்கிற நான்கு பொருள்கள்தான். அவற்றைப் பிரித்து வைத்தாள். வேலையைக் கையால் செய்கிறவர்களுக்கு வெற்றிலை. அந்த வேலை நன்றாக நடந்தாலும் கெட்டாலும் சபையில் நின்று பதில் சொல்ல வேண்டியவருக்கு முழுப்பாக்கு, அதை உடைத்துப் பங்கு போடக் கூடாது, ஒரு வேலைக்கு ஒரே ஆள். செய்யும் முன் யாரைக் கேட்டே ஆக வேண்டுமோ அவருக்குச் சுண்ணாம்பு. முடிந்தபின் யாருக்குச் சேதி சொல்ல வேண்டுமோ அவருக்குச் சந்தனம்.

வணிகர் தலைவர் பெயரைச் சந்தனத்தோடு சேர்த்தாள், அவருக்குச் சுருக்கென்றது. பாலத்துக்கு ஆயிரம் வண்டிக் கல் கொடுத்தவர் அவர். தனக்கு வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை, சந்தனமா என்று எழுந்தார். பை தூக்குகிறவள் சபைக்கு வேலை பிரித்துக் கொடுப்பதா என்று கேட்டார்.

"ஐயா, உங்க கல்லு இல்லாம பாலம் இல்லை. எந்தக் கல்லு எங்க போச்சுன்னு பத்து நாளைக்கு ஒருதரம் உங்க வீடு தேடி வந்து சொல்லணும், அது உங்க உரிமை. ஆனா கல்லை எப்படி அடுக்கணும்னு கல்தச்சன்கிட்ட நீங்க சொல்லக் கூடாது."

அவர் அரசனைப் பார்த்தார். சபையே அரசனைப் பார்த்தது. யார் மனமும் நோகாமல் இதை முடிக்க வழியில்லை என்று நெடுங்கோவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் ஒரு முழுப்பாக்கை எடுத்து மருதாயியிடம் நீட்டினான்.

"இந்தப் பங்கீடு உன்னோடது. இது தப்பினா நீதான் பதில் சொல்லணும்."

வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் வாங்கினாள். செல்லி நினைவு அவளைப் பின்னால் நகரவிடவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. நடுத்தூண் தோண்ட வெற்றிலை வாங்கியவன் கிணறு வெட்டும் தொண்டான். அந்தத் தூணுக்கு முழுப்பாக்கு வாங்கியவர் கல்தச்சர் சாத்தன். சுண்ணாம்பு யாருக்குத் தெரியுமா? கரையோரம் வலை போடும் முத்தி என்ற மீன்காரிக்கு. ஆற்றின் அடிவயிறு அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமும் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை, அவளும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

வைகாசி பாதி போய்விட்டது. மற்ற தூண்களெல்லாம் எழும்பிவிட்டன. நடுக்குழியில் தொண்டானின் கடப்பாரை டங்கென்று மோதியது. பாறை வந்தாயிற்று, கல்லை இறக்குங்கள் என்று மேலே இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். சாத்தன் விடவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் நான், முத்தியைக் கேட்டபின் இறக்கலாம் என்றார்.

முத்தி குழிக்குள் இறங்கினாள், குதிகாலால் நாலு இடத்தில் தட்டினாள். இது பாறை இல்லை, இறுகிப்போன களிமண், பாறை இன்னும் இரண்டு முழம் கீழே என்றாள்.

இரண்டு முழம் என்றால் ஆறு நாள் வேலை. அடித்தளத்தில் சாந்து காய ஒன்பது நாள். மேற்கே மலையில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. அரசனே கரைக்கு வந்துவிட்டான். தொண்டான், சாத்தன், முத்தி மூன்று பேரும் தோண்டத்தான் வேண்டும் என்றார்கள், ஆனால் பங்கீட்டுக்கு முழுப்பாக்கு வாங்கியவள் என்பதால் கடைசி முடிவு மருதாயியிடம் வந்தது. களிமண் மேலேயே கல்லை வைக்கலாமா, தோண்டலாமா என்று அரசன் கேட்டான். வைத்தால் நாலாம் நாள் பலகை போட்டு நடந்துவிடலாம், நீயே முதலில் போய் உன் தங்கையைப் பார்த்து வா என்றும் சொன்னான்.

மருதாயி எதிர்க்கரையைப் பார்த்தாள். நாலாம் நாள். பதினைந்து நாளில் செல்லியின் கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் போய்விடலாம். போகட்டும் என்று கல்லை இறக்கச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று நான் சொல்லி உங்களுக்குப் புரியாது. அப்படி ஒரு ஆசைக்காகக் காத்திருந்தவர்களுக்குத்தான் புரியும். ஆனால் அவள் போய் வந்த மறுமாதம் அதே பாலத்தில் ஊர் நடக்கும். ஊரிலும் ஆளுக்கு ஒரு செல்லி உண்டு.

"தோண்டச் சொல்லுங்க மகாராஜா," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குழியைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

தோண்டினார்கள். பாறை வந்தது. சாந்து ஒன்பது நாள் காய்ந்தது. தூண் எழும்பி மேல்பலகைக் கல் ஏறி முடிந்த அன்றிரவே ஆனி வெள்ளம் கரை புரண்டு வந்தது. மூன்று பகல் ஆறு முட்டிப் பார்த்தது. பாலம் அசையவில்லை. சந்தனம் வாங்கிய வணிகர் தலைவர் சேதி கேட்டு ஓடி வந்து சாத்தன் கையைப் பிடித்துக்கொண்டார், கல்லைக் குறித்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை பாலத்தைத் திறந்தார்கள். ஜனங்கள் திமுதிமுவென்று நடந்தார்கள். வடகரையிலும் ஒரு கூட்டம் காத்திருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில், வேலியைப் பிடித்துக்கொண்டு செல்லி நின்றாள். மருதாயி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு ஓடினாள். செல்லியும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் நீட்டினாள்.

"அக்கா, வந்துட்டியா."

நீட்டிய கை மருதாயிக்கு முன்னால் வந்த சாத்தன் மனைவியை நோக்கி இருந்தது.

அந்த அம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் விலகி நின்றாள். மருதாயி தங்கையின் கையைப் பிடித்தாள்.

"இங்க இருக்கேன் செல்லி. இந்தப் பக்கம்."

செல்லி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகை அடங்கியதும் சிறுபிள்ளையில் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"பாலம் கட்ட மூணு வருஷமா ஆகும்க்கா? போன மாசி வரைக்கும் எனக்கு நிழலாட்டமாவது தெரிஞ்சுது."

மருதாயி முந்தானையால் தங்கையின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பாலம் கட்ட ஆறு மாசம்தாண்டி ஆச்சு. யாரு எதைச் செய்யணும்னு சொல்லத்தான் ரெண்டு வருஷம் போயிடுச்சு."

சுழியாற்றுப் பாலத்தில் அதற்குப்பின் எத்தனையோ வெள்ளம் போயிற்று, அக்காவும் தங்கையும் தினம் சேர்ந்து நடந்தார்கள், ஆனால் செல்லி அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆகவே, கேட்டவர்களே, ஒரு காரியத்தை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடாமல், செய்பவர் யார், பதில் சொல்பவர் யார், கேட்கப்பட வேண்டியவர் யார், அறிய வேண்டியவர் யார் என்று பேர் சொல்லி முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.