அழுங்கு வாங்கிய பழைய படகு

கடல் வந்து மரங்களின் வேரை நனைத்துவிட்டுப் போகும் ஒரு காட்டில் சுருளி என்றொரு அழுங்கு வாழ்ந்து வந்தது. அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில் இருக்கும். எறும்பும் கரையானும்தான் அதற்குச் சாப்பாடு. பயந்துவிட்டால் தலையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். சுருளியோ அந்தக் காட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. பலாப்பழம் விழுந்தால் சுருளும். தவளை தும்மினாலும் சுருளும்.

ஒரு நாள் ஆலாப் பறவை ஒன்று கடலைத் தாண்டிப் பறந்து வந்து சுருளியின் வளைக்கு எதிரே இறங்கியது.

"சுருளி, உன் அக்கா உயிரோட இருக்கா," என்றது. "போன மழைக்கு வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சே, கிழக்குத் தீவுல கரை ஒதுங்கியிருக்கா. குட்டி போட்டிருக்கா. கால்ல அடிபட்டதால திரும்பி வர முடியல. குட்டியை வால்மேல உட்கார வச்சுக்கிட்டு, சாயங்காலமானா இந்தக் கரையையே பார்த்துக்கிட்டு இருக்கா."

அக்கா செத்துப்போய்விட்டது என்றே நினைத்துச் சுருளி எத்தனையோ இரவு அழுதிருக்கிறது.

"நான் போய்ப் பார்க்கணும்," என்றது.

"அப்ப சீக்கிரம் கிளம்பு. கிழக்கே தள்ளுற மேல்காத்து நின்னு வாடைக்காத்து வந்துட்டா, அப்புறம் அடுத்த வருஷம்தான்."

கூட வர ஆள் கிடைக்கவில்லை. முயலுக்குக் கடல் என்றாலே வயிற்றைப் புரட்டும். மானுக்குப் படகில் கால் நிற்காது. தனியாகத்தான் போக வேண்டும். சுருளிக்குப் படகும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டே, பழைய படகுகள் விற்கும் ஆற்று முகத்துக்கு நடந்தது.

அங்கே குரங்கு ஒன்று தன் படகை விற்கக் காத்திருந்தது. ஒல்லியான நீளப் படகு. இரண்டு பாய்கள். பக்கமெல்லாம் சிவப்புச் சாயம்.

"தட்டிப் பாரு, முகர்ந்து பாரு," என்றது குரங்கு. "ஒரு குறை சொல்லிடு பார்ப்போம்."

சுருளி பலகை பலகையாக முகர்ந்தது. ஒரு கரையான்கூட இல்லை. கரையான் விஷயத்தில் அழுங்கின் மூக்கு தப்பு செய்யாது. படகு உறுதியான படகுதான்.

"இதைத் தனியா ஓட்ட முடியுமாண்ணே?"

"நான் தனியாத்தானே ஓட்டுறேன்," என்று சொல்லிவிட்டுக் குரங்கு படகில் தாவியது. இரண்டு கைகளில் இரண்டு பாய்க்கயிறு, ஒரு காலில் சுக்கான், வால் பாய்மரத்தைச் சுற்றி. மிச்சமிருந்த ஒரு காலால் காதைச் சொறிந்துகொண்டே ஆற்றின் அக்கரைக்குப் பறந்து போய்த் திரும்பி வந்தது. கரையில் நின்ற கொக்குகளெல்லாம் வாயைப் பிளந்தன. சுருளிக்கு அந்தப் படகின் மேல் ஆசை பொங்கிவிட்டது.

"உன் வளைக்குப் பக்கத்துல இருக்கிற நாவல் மரத்தை எனக்குக் கொடுத்துடு. படகு உனக்கு," என்றது குரங்கு. "ஆமா, நீ பயப்படுற ஆளா?"

"பயமா? எனக்கா?" என்றது சுருளி. பாவம், வெட்கத்தில் வந்த பொய்.

ஓட்டிப் பார்க்க இருவரும் படகில் ஏறி ஆற்றில் போனார்கள். சுருளி கயிற்றைப் பிடித்தது. படகு சீறிக்கொண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்து மடவை மீன் ஒன்று தண்ணீரிலிருந்து துள்ளியது. அவ்வளவுதான், சுருளி பந்தாகிவிட்டது. கயிறு கையை விட்டுப் போயிற்று. பாய் அறைந்து திரும்ப, படகு சாய்ந்து தண்ணீரை மொண்டது. குரங்கு நாலு கைகால்களாலும் வாலாலும் எட்டிப் பிடித்துத்தான் படகை நிமிர்த்தியது.

"கயித்தை விட்டா கவிழ்ந்துடும். இது அப்படிப்பட்ட படகு," என்றது குரங்கு. "மொதல்ல பயத்தை விட்டுட்டு வா. அப்புறம் படகு வாங்கலாம்."

சுருளி அன்று மாலையே பயத்தை விட முயன்றது. முயலைக் கூப்பிட்டு, புதருக்குப் பின்னாலிருந்து "பே" என்று கத்தச் சொன்னது. முயல் வாயைத் திறப்பதற்குள், இதோ கத்தப் போகிறது என்ற பயத்திலேயே சுருளி சுருண்டுவிட்டது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அப்படியே. கத்திக் கத்திக் கடைசியில் முயலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் சுருளி ஆற்றங்கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தது. காற்று தளர ஆரம்பித்திருந்தது. என் பயத்தால் அக்காவின் குட்டியைப் பார்க்க முடியாமல் போகிறதே என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

அழுத கண்ணைத் துடைத்தபோது, நடு ஆற்றில் ஒரு குட்டைப் படகு நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. தொப்பை வைத்த படகு. ஒட்டுப் போட்ட ஒற்றைப் பாய். நங்கூரம் இல்லை, துடுப்புப் போடவும் ஆள் இல்லை. மூக்கைக் காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டு சும்மா நின்றது. உள்ளே நீர்நாய் ஒன்று மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டது சுருளி. "அது எப்படி நிக்குது?"

நீர்நாய் கொட்டாவி விட்டது. "கயித்தை விட்டாலே இது நின்னுடும்மா. தானா காத்துப் பக்கம் திரும்பிக்கும். வேகமா ஓடாது. உருப்படாத படகு. என்னை மாதிரியே சோம்பேறி. யாராவது கேட்டா கொடுத்துடலாம்னு இருக்கேன். யாரும் கேட்கல."

சுருளி தண்ணீர் ஓரம் வரை ஓடி வந்தது. "நான் ஒரு தடவை தனியா போய்ப் பார்க்கட்டுமா? ஒண்ணு சொல்லிடுறேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. பயந்தா சுருண்டுடுவேன்."

இதைச் சுருளி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தூக்கம் ஜாஸ்தி," என்று சொல்லி நீர்நாய் படகைக் கரைக்குக் கொண்டுவந்து இறங்கியது. "போயிட்டு வா."

முதலில் சுருளி படகை முகர்ந்து பார்த்தது. உட்காரும் பலகையில் கரையான் இருந்தது. அதைத் தின்று காலி செய்தது. அடிப்பலகை நன்றாக இருந்தது. பிறகு கயிற்றை இழுத்தது. படகு ஆடி அசைந்து நகர்ந்தது. நேற்று துள்ளிய மீனோ அதன் தம்பியோ, இன்றும் துள்ளியது. சுருளி சுருண்டது.

உள்ளே இருட்டு. இப்போது கவிழும், இப்போது கவிழும் என்று காத்திருந்தது. கவிழவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தது. பாய், கொடியில் காயும் துணியாகப் படபடத்துக்கொண்டிருந்தது. படகு நின்றுகொண்டிருந்தது. சுருளி நிமிர்ந்து, கயிற்றை மறுபடி இழுத்தது. படகு ஒன்றும் கேட்காமல் புறப்பட்டது.

"இந்தப் படகு எனக்கு வேணும்ணே," என்றது கரைக்கு வந்ததும். "பதிலுக்கு என்ன செய்யணும்?"

"கரையில ஒரு வளை தோண்டிக் கொடு. தூங்கறதுக்கு," என்றது நீர்நாய்.

அழுங்குக்குத் தோண்டச் சொல்லித் தர வேண்டுமா என்ன? பொழுது சாய்வதற்குள் நல்ல வளை தயாராகிவிட்டது.

விடிந்ததும் சுருளி புறப்பட்டது. குரங்கு மரக்கிளையிலிருந்து சிரித்தது. "அதுலயா போற? ஆமை முந்திக்கிட்டுப் போயிடும்."

"போகட்டும்ணே," என்றது சுருளி.

நடுக்கடலில் இடி இடித்தது. சுருளி சுருண்டது. படகு நின்றது. இடி ஓய்ந்ததும் சுருளியும் படகும் போனார்கள். பெரிய மீன் ஒன்று முதுகைக் காட்டியது. சுருளி சுருண்டது. படகு நின்றது. மீன் தன் வழியே போனதும் இவர்களும் தங்கள் வழியே போனார்கள். சுருண்டு நிமிர்ந்து, சுருண்டு நிமிர்ந்து, மாலையில் தீவு வந்தது.

கரையில் அக்கா நின்றிருந்தது. நொண்டி நொண்டித் தண்ணீர் வரைக்கும் வந்து, தங்கையின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டது. இரண்டும் வெகுநேரம் அழுதன.

"இவ்வளவு தண்ணியைத் தாண்டி வந்திருக்கியே. உனக்குப் பயமா இல்லையாடி?" என்று கேட்டது அக்கா.

"வழியெல்லாம் பயந்துக்கிட்டேதான் வந்தேங்க்கா. நான் பயந்தப்பல்லாம் படகு நின்னுச்சு."

அப்போது அக்காவின் வால்மேலிருந்த குட்டி, புது முகத்தைப் பார்த்து மிரண்டு, நெல்லிக்காய் போலச் சுருண்டு மணலில் உருண்டது.

"ஏய், சித்திடி. நிமிர்ந்து பாரு," என்று அக்கா அதை விரிக்கப் போனது.

"விடுக்கா. பயம் போகட்டும், தானா வருவா," என்றது சுருளி. குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது.

நீதி: நாம் துணிந்து நிற்கும்போது அழகாகத் தெரிவதைவிட, நாம் பயந்து ஒடுங்கும்போது கவிழ்த்துவிடாததே நல்ல துணை.