முக்குளிப்பான் கூடும் எருமை எழுப்பிய அலையும்

காட்டோரம் ஓர் அல்லிக்குளம். அதில் வல்லி என்ற முக்குளிப்பான் பறவையும் அவள் கணவன் சூரனும் வாழ்ந்து வந்தார்கள். கோரையையும் பாசியையும் சேர்த்துத் தண்ணீரின் மேலேயே மிதக்கும் கூடு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது எங்கும் மிதந்து போய்விடாதபடி நாணல் தண்டுகளோடு பிணைத்து வைத்திருந்தான் சூரன். கூட்டில் முட்டைகள் இருந்தன. வல்லி அடைகாத்தாள்.

காற்றில் கூடு லேசாக ஆடினால் அவளுக்கு மகிழ்ச்சி தாங்காது. "பாத்தீங்களா, பிள்ளைங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே தொட்டில் ரெடி!" என்பாள்.

அந்தக் கோடையில் காட்டுக்குள் இருந்த சேற்றுக்குட்டை வற்றிவிட்டது. அங்கே புரண்டு கொண்டிருந்த கருவாயன் என்ற எருமை, ஒரு நாள் உச்சிவெயிலில் அல்லிக்குளத்துக்கு வந்தான். எதிர்க்கரையில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் சுகமாக உட்கார்ந்தான். ஆனால் ஈக்கள் விடவில்லை, முகத்தை மொய்த்தன. அவற்றை விரட்ட அவன் தலையை மேலே தூக்கி 'தொப்'பென்று தண்ணீரில் போட்டான். மறுபடி தூக்கினான், போட்டான். தாளம் தப்பவே இல்லை.

ஒவ்வொரு 'தொப்'புக்கும் ஓர் அலை புறப்பட்டுக் குளத்தைக் கடந்து வந்தது. கூடு ஏறியது, இறங்கியது. முட்டைகள் ஒன்றோடொன்று உரசின.

"ஐயோ, என்னங்க! அலை கூட்டையே அடிச்சுக்கிட்டுப் போயிடும் போலிருக்கே!" என்று அலறினாள் வல்லி.

சூரன் கூட்டைச் சுற்றி நீந்திப் பார்த்தான். பக்கத்தில் ஒரு காய்ந்த இலை மிதந்தது. அலை வரும்போது அது ஏறியது. அலை போனதும் இறங்கியது. கிடந்த இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை.

"அடிச்சுக்கிட்டுப் போகாது வல்லி. அந்த இலையைப் பாரு. அலைதான் ஓடுது. தண்ணி இருந்த இடத்திலேயே ஏறி இறங்குது, அவ்வளவுதான்."

"ஏறி இறங்கினா போதாதா? முட்டை உருண்டு விழுந்தா என்ன செய்றது?"

அது சூரனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் நல்லவன்தான், ஆனால் முன்கோபம் மூக்கின் மேல் நிற்கும். எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினான்: "டேய் தடியா! தலையை ஆட்டாம சும்மா இருடா!"

கருவாயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் கூடு ஒரு குப்பைக் குவியல் போலத்தான் தெரிந்தது. அதில் முட்டை இருப்பது அவனுக்குத் தெரியாது.

"யாருடா அது? எள்ளுருண்டை மாதிரி இருந்துக்கிட்டு என்னைத் தடியன்ங்கிறது! குளம் உங்க அப்பன் வெட்டினதா?" என்றவன், இன்னும் பலமாகத் தலையைப் போட்டான். தொப்! தொப்!

"பாத்தீங்களா, பெரிசாயிடுச்சு!" என்றாள் வல்லி.

"இரு, அவனுக்கு நானும் அலை காட்டுறேன்!"

கூட்டின் மறுபக்கத்தில் ஒரு பெரிய மரக்கட்டை மிதந்து கொண்டிருந்தது. சூரன் தன் நண்பர்களைக் கூப்பிட்டான். மெத்தன் என்ற ஆமை வந்தான். தவளைகள் கூட்டமாக வந்தன.

"அவன் தாளத்துக்கு நான் 'ஹோய்' சொல்லுவேன். எல்லாரும் ஒண்ணாக் கட்டை மேல குதிங்க. நம்ம அலை மோதினா அவன் அலை செத்துப்போயிடும்!"

"ஹோய்!" எல்லாரும் குதித்தார்கள். கட்டை அமுங்கி எழுந்தது. ஓர் அலை புறப்பட்டது. "ஹோய்!" இன்னொரு அலை.

அந்தப் பக்கத்திலிருந்து எருமையின் அலை வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து கட்டையின் அலை வந்தது. இரண்டும் கூட்டுக்கு அடியில் சந்தித்தன. எதுவும் சாகவில்லை! இரண்டு மேடும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய மேடானது. கூடு துள்ளி எழுந்தது; தொபுக்கென்று இறங்கியது. ஒரு முட்டை விளிம்புக்கு உருண்டது. வல்லி கழுத்தை நீட்டி, அது தண்ணீரில் விழாமல் அணைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! அவன் ஒரு பங்கு ஆட்டினான். நீங்க ரெண்டு பங்கு ஆட்டுறீங்க!"

கோபம் ஏறிவிட்ட சூரன் காதில் அது விழவில்லை. "ஹோய்! ஹோய்!" என்று கூவிக்கொண்டே இருந்தான்.

ஆமைக்கு மூச்சு வாங்கியது. கட்டையிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் தாளம் பிந்திப்போனது. தவளைகள் முன்னால் குதித்தாலும், கட்டையை அமுக்கும் பாரம் ஆமையிடம்தான் இருந்தது.

"டேய் மெத்தா! பிந்திக் குதிக்கிறியே!" என்று திட்டினான் சூரன்.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதான் அண்ணே!"

அப்போது வல்லி சட்டென்று தலையைத் தூக்கினாள். தொட்டில் ஆடாமல் நின்றிருந்தது! அலைகள் வராமல் இல்லை. எருமையின் அலை தண்ணீரைத் தூக்கும் அதே நேரத்தில், ஆமையின் அலை அதே தண்ணீரைக் கீழே இழுத்தது. ஏறவும் வழியில்லாமல் இறங்கவும் வழியில்லாமல், கூட்டுக்கடியில் தண்ணீர் சும்மா நின்றது.

"மெத்தண்ணே! இப்ப என்ன செஞ்சீங்க?"

"தப்பாக் குதிச்சேன் தங்கச்சி. மன்னிச்சுக்கோ."

"அந்தத் தப்பையே செய்யுங்க! அவன் அலை மேல வரும்போது உங்க அலை கீழே போகணும். விடாம செய்யுங்க!"

தவளைகளும் ஆமையோடு சேர்ந்து பிந்திக் குதித்தன. கூடு கல்போல நின்றது. கொஞ்சம் தள்ளி, துள்ளித் துள்ளி ஆடிய ஓர் அல்லி மொட்டில் உட்கார்ந்திருந்த தட்டான் மட்டும், "அங்கே அமைதி, இங்கே இரட்டை ஆட்டமா! நல்லா இருக்கே நியாயம்!" என்று முணுமுணுத்துப் பறந்து போனது.

சூரன் கூட்டருகே வந்து பார்த்தான். வல்லி கண்ணை மூடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவன் கோபம் தானாக இறங்கியது.

எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது. "டேய் எள்ளுருண்டை! கட்டை மேல என்னடா கூத்து?"

சூரனின் பிடரி சிலிர்த்தது. வல்லி அவனைப் பார்த்தாள். அவன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னான்: "அண்ணே, கூட்டுல முட்டை இருக்கு. அது ஆடாம பாத்துக்கிறோம்."

மேலே போன எருமையின் தலை அப்படியே நின்றது. "முட்டையா? குப்பைன்னுல்ல நினைச்சேன்! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"திட்டுற அவசரத்துல அதைச் சொல்ல மறந்துட்டேன் அண்ணே. என் தப்புதான்."

கருவாயன் ஓசையில்லாமல் முகத்தைத் தண்ணீருக்குள் இறக்கினான், மூக்கு மட்டும் வெளியே தெரிய. ஓர் ஈ வந்து மூக்கிலேயே கடித்தது. அவன் அசையவில்லை.

அன்று முதல் அவன் குளத்துக்கு வந்தால் பூனை மாதிரிதான் இறங்கினான். சில நாட்களில் முட்டைகள் பொரிந்தன. வரிவரியான குஞ்சுகள் வல்லியின் முதுகில் ஏறிக்கொண்டு, எருமை மாமாவைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தன.

ஒருவர் கோபம் எழும்பும்போது நாமும் எதிர்த்து எழும்பினால் அது இரட்டிப்பாகும். நாம் தாழ்ந்து கொடுத்தால் அது அங்கேயே அடங்கும்.