முயல் மாப்பிள்ளையும் 'ரைட்' என்ற சொல்லும்

அந்தக் காலத்தில், மாடும் மைனாவும் வாய் ஓயாமல் பேசிய நாளில், பூவனூரிலிருந்து சந்தைமேட்டுக்கு ஒரே ஒரு கூண்டு வண்டிதான். செவலைக்காளை இழுக்கும். பின்னால் யார் ஏறினார்கள், யார் தொங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பின்கட்டையில் இருக்கும் மைனா சொன்னால்தான் கிளம்பும்.

ஒருநாள் முயல் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வண்டி ஏறியது. உச்சிக்குள் சந்தைமேட்டில் தாலி கட்டியாக வேண்டும். விட்டால் அடுத்த முகூர்த்தம் ஆவணியில்தான். கூடவே அதன் அத்தை வெள்ளாடு. சகுனம் பார்ப்பதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை.

"போ," என்றது மைனா.

"நில்லுடா செவலை," என்றது அத்தை. "கல்யாணத்துக்குக் கிளம்புறவங்களப் பாத்து 'போ'ன்னா சொல்லுவ? விளங்குமா? எல்லாரும் இறங்குங்க. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புவோம்."

குடித்தார்கள். அடுத்த நிறுத்தத்திலும் மைனா பழக்கதோஷத்தில் "போ" என்றது. மறுபடி தண்ணீர்.

"இனிமே 'சரி'ன்னு சொல்றேன். அப்பக் கிளம்பு," என்று மைனா செவலையிடம் சொல்லிவைத்தது. மூன்றாம் நிறுத்தத்தில், குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா, மாப்பிள்ளை புதர்ப்பக்கம் ஒதுங்கியது. வண்டிக்குள் ஒரு கோழி இன்னொரு கோழியிடம், "சரி, அப்புறம் ஒன் மாமியா என்ன சொன்னா?" என்றது. செவலை கிளம்பியேவிட்டது. மாப்பிள்ளை மாலை உதிர உதிர ஓடிவந்து தொற்றியது.

"வெயில் ஏறிப்போச்சே மைனா," என்று அழுதது. "அவ காத்திருப்பா. அவ அப்பா காத்திருக்க மாட்டாரு."

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. அதன் கூடு துரை பங்களா ஓட்டுக்கடியில். காகிதம் பார்த்தாலும் தேநீர் குடித்தாலும் துரை ஒரே சொல்லைத்தான் சொல்வார். அவர் ஊரில் அதற்குச் சரி என்று பொருளாம். இங்கே அதில் நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. கோழிகள் வாயிலும் அது வராது.

அடுத்த நிறுத்தத்தில், "ரைட்," என்றது மைனா.

அத்தை யோசித்துப் பார்த்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. செவலைதான் திரும்பிப் பார்த்து, "எனக்கா சொன்ன?" என்றது.

"ஒனக்குத்தாம்ப்பா. ரைட்."

வண்டி பறந்தது. உச்சிக்கு ஒரு நாழிகை இருக்கும்போதே தாலி ஏறிவிட்டது.

அன்று முதல்தான் நம் ஊர் பஸ் எதுவும் 'போ' என்றால் நகர்வதில்லை. கண்டக்டர் "ரைட், ரைட்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது: ஒன்று அத்தைக்கு, இன்னொன்று செவலைக்கு.