உப்பு வண்டியின் பூச்சு

குழந்தைகளே, இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. கார் கழுவும் கடை ஒன்றில், தன் வண்டிக்கு எந்த மெழுகு பூசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் மகளுக்கு இதைச் சொன்னாராம். அங்கே வேலை செய்யும் என் தோழி அதைக் காதில் வாங்கி வந்து எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் எல்லாம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் பெரிய வெட்டவெளியைத் தாண்டி உப்புநிலத்துக்குப் போக வேண்டும். கோடையில் புறப்பட்டால் மழை தொடங்கிய பிறகுதான் திரும்ப முடியும்.

உப்பை இழுத்து வரும் வேலை வெண்காலி என்ற காட்டெருமையுடையது. பலகைக் கூரை போட்ட மரவண்டியை அவள் ஒருத்தியாகவே இழுப்பாள். நுகத்தடி தோளில் ஏறியதும் அவள் நடையே மாறிவிடும். காட்டில் வேறு யாருக்கும் அந்த நடை வராது என்பது அவளுக்குத் தெரியும்.

வருஷா வருஷம் கொஞ்சம் உப்புக் கரைவதுண்டு. ஆனால் போன வருஷம் வண்டியைத் திறந்தபோது உப்பில் பாதியைக் காணோம்! வழியில் பெய்த மழை கூரை வழியாக இறங்கி அதைக் கரைத்துவிட்டது. உப்புப் போதாமல் மான்குட்டிகள் மண்ணை நக்கிக்கொண்டு திரிந்தன.

"உப்புக் கேட்டால் உப்புத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாளே மகாராணி!" என்று குரங்கு கிளைக்குக் கிளை தாவிச் சொன்னான்.

தலைவி யானை சிரிக்கவில்லை. "நீ வழியில் மெத்தனமாக நடந்திருக்கிறாய், வெண்காலி. இன்னொரு முறை இப்படி ஆனால் நுகத்தடி காட்டுப்பன்றிக்குப் போய்விடும்" என்றாள்.

வெண்காலி ஒரு நாள்கூட மெத்தனமாக நடந்ததில்லை. அந்தச் சொல் அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

அடுத்த கோடை வந்தது. மழை உள்ளே இறங்காமல் இருக்க வண்டியின் கூரைக்குப் பூச்சுப் பூசுவார்கள். அதைத் தேர்ந்தெடுக்க இந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி புறப்படும் முன், பூச்சுப் பூசிய பலகையை நாவல் மரத்து நிழலில் வைப்பார்கள். யானை அதன்மேல் தண்ணீர் விடுவாள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் நல்ல பூச்சு. அவ்வளவுதான் பரீட்சை. எல்லா வருஷமும் அதில் ஜெயிப்பது கரடியின் தேன்மெழுகு.

இந்த முறை இரண்டு பலகைகள் வந்தன. ஒன்று கரடியுடையது. இன்னொன்று முள்ளம்பன்றியுடையது. அவன் மரப்பிசினைக் காய்ச்சி, எண்ணெய் கலந்து பூசியிருந்தான்.

யானை தண்ணீர் விட்டாள். கரடியின் பலகையில் துளிகள் முத்துப்போல உருண்டு ஓடின. முள்ளம்பன்றியின் பலகையில் தண்ணீர் சும்மா வழிந்து போனது.

"இதில் என்ன யோசனை? முள்ளுக்காரன் பலகை சேற்றில் புரண்டது மாதிரி இருக்கிறது!" என்றான் குரங்கு. கூட்டம் சிரித்தது.

வெண்காலி கரடியின் பலகையை எட்டிப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. கொம்பு உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. 'இதுதான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான், போன வருஷமும் இதே முத்துகள் இப்படியே உருண்டன என்பது நினைவுக்கு வந்தது. திறந்த வாயில் வேறு கேள்வி வந்தது.

"அக்கா, இந்த மெழுகு எத்தனை நாள் நிற்கும்?"

"அதைப் பற்றி உனக்கென்னடி கவலை?" என்றாள் கரடி. "மங்கினால் கொண்டுவா, ஒரு கை பூசிவிடுகிறேன். தலைவி வீட்டு ஊர்வல வண்டிக்கு அப்படித்தானே செய்கிறேன்? அது என்றைக்காவது மங்கி நீ பார்த்திருக்கிறாயா?"

"வெட்டவெளியில் மங்கினால் யார் பூசுவது?"

"அங்கே ஏன் மங்கப்போகிறது?"

"நீ வெட்டவெளிக்கு வந்திருக்கிறாயா, அக்கா?"

"நானா? அங்கே ஒரு மரம்கூடக் கிடையாதாமே. அந்த வெயிலில் எனக்கென்ன வேலை?"

வெண்காலி யானையிடம் திரும்பினாள். "தலைவி, பரீட்சையை நிழலில் வைக்க வேண்டாம். இரண்டு பலகைகளையும் சுடுபாறையில் போடுங்கள். உச்சிவெயில் சாய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள்."

"பலகைக்கு வெயில் காய ஆசையாம்!" என்றான் குரங்கு.

"என் வண்டி வெயிலில்தானே போகிறது?" என்றாள் வெண்காலி.

யானைக்கு அது நியாயமாகப் பட்டது. பலகைகள் பாறைக்குப் போயின. கூட்டம் ஓரத்து நிழலில் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தது. உச்சிவெயில் சாய்ந்ததும், யார் ஜெயித்தது என்று பார்க்கும் அவசரத்தில் குரங்கு கரடியின் பலகைமேல் போய் உட்கார்ந்தான். எழுந்தபோது பின்பக்கம் முழுக்க மெழுகு!

"ஐயோ, ஒட்டுது! பிசுபிசுங்குது!" என்று குதித்தான்.

யானை தண்ணீர் விட்டாள். கரடியின் பலகையில் மெழுகு இளகி ஓரமாக வழிந்திருந்தது. நடுவில் வெறும் மரம். தண்ணீர் அதில் அப்படியே ஊறிப்போனது. முள்ளம்பன்றியின் பலகையில் முன்பு போலவே வழிந்து ஓடியது.

கரடியின் முகம் சிவந்தது. "ஆனால் அதில் அழகே இல்லையே! வெண்காலி, அந்த மண்நிற வண்டியைக் கட்டிக்கொண்டு நீ காட்டு நடுவில் நடப்பாயா? நீயா?"

கரடி சரியான இடத்தில்தான் அடித்தாள். வெண்காலிக்கு வலித்தது. ஒரு கணம் தலை குனிந்தாள்.

"நடப்பேன், அக்கா" என்றாள் பிறகு. "ஊர்வல வண்டி உன் குகை வாசலில் நிற்கிறது. அதற்கு உன் மெழுகுதான் சரி. என் வண்டிக்கு மறுபடி பூச வழியில் யாரும் இல்லை."

"தங்கச்சி, ஒன்று சொல்லிவிடுகிறேன்" என்றான் முள்ளம்பன்றி. "என் பூச்சும் காலத்துக்கும் நிற்காது. ஒரு கோடை, ஒரு மழை தாங்கும். அடுத்த வருஷம் மறுபடி பூசத்தான் வேண்டும். காய நாளாகும், அவசரப்படுத்தக் கூடாது."

"எனக்கு அவ்வளவு போதும், அண்ணா."

பூச்சுக் காய்ந்தது. மண்நிற வண்டி புறப்பட்டது. காடு தாண்டும்வரை வழி நெடுகக் கேலி. வெண்காலி நிமிர்ந்தே நடந்தாள். வெட்டவெளியில் பார்க்க யாரும் இல்லாதபோதும் அப்படியே நடந்தாள்.

உப்பை ஏற்றித் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் மழை தடதடவென்று கொட்டியது. இந்தப் பலகைக்குள் தண்ணீர் இறங்கினால் நுகத்தடி போனதுதான். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயம். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு உள்ளே விழும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அவள் காட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் நனைந்தபடி காத்திருந்தார்கள். யானை வண்டியின் கதவைத் திறந்து தும்பிக்கையை உள்ளே விட்டாள். வெகுநேரம் துழாவினாள். குரங்கு கிளையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

தும்பிக்கை வெளியே வந்தது. அதிலிருந்து உப்பு பொலபொலவென்று கொட்டியது. ஒரு கல்கூடக் கரையவில்லை! மான்குட்டிகள் அம்மாக்களின் கால்களுக்கு இடையே புகுந்து ஓடி வந்தன.

"நீ மெத்தனமாக நடக்கவில்லை, வெண்காலி" என்றாள் யானை, எல்லோருக்கும் கேட்கும்படி. "நாங்கள்தான் நிழலில் உட்கார்ந்து உன்னை எடைபோட்டோம். நுகத்தடி உன்னுடையது."

வெண்காலியின் கழுத்து நுகத்தடியோடு சேர்ந்து ஒரு பிடி உயர்ந்தது. அன்றைக்கு அவள் பட்ட பெருமைக்குக் காடே சிறிதாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரடி வந்தாள். கையில் ஓர் உருண்டை மெழுகு. "இன்றைக்கு ஒரு நாளாவது உன் வண்டி மின்னட்டுமே" என்றாள்.

"மழை விட்டதும் பூசு அக்கா, நன்றாகப் பூசு" என்றாள் வெண்காலி. "இன்றைக்கு நான் இங்கேதானே நிற்கப்போகிறேன்!"

தேன்மெழுகு அப்படி இளகுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். அறுபது டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினால் அது உருகிவிடுகிறது. அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்குகிறது.

நீதி: பூசிய அன்றைய மினுக்கைப் பார்த்துப் பூச்சைத் தேர்ந்தெடுக்காதே, மறுபடி பூச ஆள் இல்லாத இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்.